உப்பளப் பக்கத்து வலை

"ஏல சுடல, நாம எதுக்குல வெளையாடுதோம்?"

கேட்டது கோச்சு. மத்த காலேஜுல பிள்ளைங்க கேக்கும், கோச்சு பதில் சொல்லுவாரு. இங்க எல்லாமே தலைகீழு.

கோல் போஸ்டுக்குப் பின்னால, கம்பத்துல நெத்தியை முட்டிக்கிட்டு நின்னு கேட்டாரு தெலஸ்போர் மாஸ்டர். மேட்ச் நடந்துக்கிட்டிருக்கு. முன்னால நிக்க கோலி சுடலைமணி திரும்பக்கூட இல்ல. கையை மட்டும் பின்னால நீட்டுனான். கையில சாக்கு தைக்கிற நூலு.

"இந்த நுனியக் கொஞ்சம் பிடிங்க மாஸ்டர்."

மாஸ்டர் பிடிக்கல. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாரு.

கேள்வி அங்கனயே நின்னுச்சு. நூலும் அங்கனயே நின்னுச்சு.

இது மூணாவது மேட்ச்சு. மொத ரெண்டும் எப்பிடி நாசமாப் போச்சுன்னு சொன்னாத்தான் இந்த நூலு எங்கேருந்து வந்துச்சுன்னு வெளங்கும்.

காலேஜு தூத்துக்குடிக்கு வெளிய, உப்பளத்தை ஒட்டி இருக்கு. காத்தடிச்சா பேசுறவன் வாயெல்லாம் கரிக்கும். கிரவுண்டுல தப்பித் தவறிப் புல்லு மொளைச்சா ஆடு பாத்துக்கிடும். எல்லைக் கோட்டுக்குச் சுண்ணாம்பு போட வேண்டியதில்ல. உப்பை அள்ளிப் போட்டாப் போதும்.

இந்த வருசம் மண்டல லீக்கை நடத்த மத்த காலேஜு எல்லாம் கையை விரிச்சுட்டாங்க. பொறுப்பு இந்தக் காலேஜு தலையில விழுந்துச்சு. அதனால எல்லா மேட்ச்சும் இங்கதான். சொந்த கிரவுண்டு, சொந்த வெயிலு, சொந்தத் தோல்வி.

ரெண்டு போஸ்டு. ஒண்ணு கேண்டீன் பக்கம். அங்க வலை சுமாரா இருக்கும், டீ மாஸ்டர் துண்டைக் காயப் போடுறதால காவலும் உண்டு.

இன்னொண்ணு உப்பளப் பக்கம். அதுல பக்கவாட்டு வலையில ஒரு ஓட்டை. பந்து தாராளமாப் போகும். ஒல்லியா இருக்கவன் ஆளே போகலாம்.

ஓட்டை வந்த கதை இதுதான். ஒரு கிடா போஸ்டுக்குள்ள மேயப் போயி, கொம்பை வலையில மாட்டிக்கிட்டு நின்னுச்சு. ஆட்டுக்காரர் வந்தாரு, அரிவாளை எடுத்தாரு, வலையை அறுத்துக் கிடாவைக் காப்பாத்துனாரு. வலையைக் காப்பாத்த யாரும் வரல.

புது வலை கேட்டு மாஸ்டர் பிரின்சிபால் ரூமுக்குப் போனாரு. கோல் விழாமப் பாத்துக்கிட்டா வலை எதுக்குன்னு கேட்டு அனுப்பி வச்சாரு பிரின்சிபாலு. கணக்குப் பாடம் நடத்துன ஆளு. கணக்கு சரியாத்தான் இருந்துச்சு.

தெலஸ்போர் மாஸ்டருக்கு வயசு அம்பதை எட்டிப் பாக்குது. விசில் கயிறு கழுத்துல கிடந்து கிடந்து தாலி மாதிரி தழும்பு விழுந்துபோச்சு. தூக்கத்துல "ஆளைப் பிடில, ஆளைப் பிடில"ன்னு கத்துவாரு. பொண்டாட்டி ஒரு வருசம் பொறுத்துப் பாத்துட்டு அடுத்த ரூமுல பாயைப் போட்டுக்கிட்டா.

அவ தம்பி பொலிகார்ப்பு துறைமுகத்துக்கிட்ட ஐஸ் கம்பெனி வச்சிருக்கான். மச்சான், எங்கூட வந்துருங்க, ஆளுங்களைப் பாத்துக்கிடுங்கன்னு வருசா வருசம் கூப்பிடுதான். வெயில்ல நின்னு தோக்கதுக்கு, குளிர்ல உக்காந்து சும்மா இருக்கலாம்லான்னு கேக்கான். பேச்சு பேச்சா இருந்தாலும் நியாயம் நியாயம்தான்.

இந்த வருசம் மாஸ்டர் ஒரு வார்த்தை குடுத்துட்டாரு.

"ஒரு மேட்ச்சு. ஒரே ஒரு மேட்ச்சு ஜெயிச்சா இங்கனயே கிடக்கேன். இல்லன்னா ஐஸு."

பொலிகார்ப்பு கெட்டிக்காரன். கடைசி மேட்ச் அன்னைக்குச் சாயந்தரம் ஆறு மணிக்குப் போன் அடிப்பேன், வாறேன் இல்ல வரலன்னு ஒரு சொல்லு போதும்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

மாஸ்டருக்கு ஐஸைப் பாத்தாலே பல்லு கூசும். அதை அவன்கிட்ட சொல்லல.

மொத மேட்ச்சுல மாஸ்டர் கோட்டுக்கு வெளிய நின்னு கத்துனாரு. முன்னால போன்னாரு, பின்னால வான்னாரு, நடுவுல நில்லுன்னாரு. பிள்ளைங்க மூணையும் ஒரே நேரத்துல செஞ்சு பாத்தாங்க. நாலு கோலு விழுந்துச்சு.

ரெஃப்ரி வந்து, நீங்க கத்துறதுல என் விசிலு எனக்கே கேக்கலன்னு மாஸ்டரை அங்கேருந்து கெளப்பிட்டாரு. மாஸ்டர் நடந்தாரு. எங்க போகன்னு தெரியாம நடந்து, கடைசியில சொந்தக் கோல் போஸ்டுக்குப் பின்னால போயி நின்னாரு. அங்கதான் நெழல் மாதிரி ஏதோ ஒண்ணு இருந்துச்சு. பாத்தா, அது சுடலைமணியோட நெழலு.

அப்பிடியே அந்த எடம் பழகிப்போச்சு. பந்து எங்கயோ அங்கதான கோச்சு நிக்கணும். இந்த டீமுக்குப் பந்து எப்பவும் அங்கதான்.

சுடலைமணியைப் பத்திச் சொல்லணும். ஊர் எல்லையில நிக்க சாமியோட பேரு. அதனாலதான் கோட்டுல நிப்பாட்டுனாங்களோ என்னவோ. படிப்பு முடிஞ்சிருக்கணும், முடியல. பாடம் ரெண்டு அவனை விட மாட்டேங்குது, அவனும் பாடத்தை விட்டுக் குடுக்கல. டீமுல எல்லாரும் அவனைச் சாமின்னுதான் கூப்பிடுவாங்க. பேசவே மாட்டான். கேட்டா ஒரு சொல்லு. இல்லன்னா ஒரு கை அசைவு.

ரெண்டாவது மேட்ச்சுலதான் வினை.

ஒரு கோலும் விழல. ரெண்டு பக்கமும் விழல. முடியப் போற நேரம் எதிர் டீம்காரன் ஒருத்தன் ஓரத்துலேருந்து அடிச்சான். பந்து போஸ்டைத் தாண்டி வெளியதான் போச்சு. போன பந்து, பக்கவாட்டு ஓட்டைக்குள்ள பூந்து, உள்ளுக்குள்ள வந்து, நல்ல பிள்ளையா வலையில படுத்துக்கிடுச்சு.

ரெஃப்ரி ஓடி வந்தாரு. பந்து வலைக்குள்ள கிடக்கு. விசிலை ஊதிட்டாரு.

மாஸ்டர் ஓட்டைக்குள்ள கையை விட்டுக் காட்டுனாரு. காலை விட்டுக் காட்டுனாரு. தலையை விட்டுக் காட்டும்போது ரெஃப்ரி சொன்னாரு: பந்து வீட்டுக்குள்ள இருக்கு. வாசல் வழியா வந்துச்சா சன்னல் வழியா வந்துச்சான்னு நான் பாக்கல. பாக்காததை எப்பிடிச் சொல்ல.

ஒண்ணுக்கு சைபர். தோல்வி.

மறுநா சாயந்தரம் மாஸ்டர் பிராக்டீஸுக்கு வந்தா, சுடலை மட்டும் முந்தியே வந்து ஓட்டைக்கிட்ட குத்த வச்சிருக்கான். உப்பு மூடை தைக்கிற நூலு எங்கயோ கேட்டு வாங்கிட்டு வந்திருக்கான். முடிச்சு மேல முடிச்சாப் போடுதான்.

அன்னையிலேருந்து அவன் வாயில எப்பவும் நூலு. பல்லுல கடிச்சுக்கிட்டேதான் நிப்பான். முந்தி கேட்டா ஒரு சொல்லாவது சொன்னவன், இப்ப அதுவும் அபூர்வம். பையங்க என்னடான்னா, சாமி மௌன விரதத்துல இருக்குன்னு பேசிக்கிட்டாங்க. வாயில நூலைக் கடிச்சிருக்கவன் எப்பிடிப் பேசுவான். இப்பிடித்தான் பாதிப் பேரு சாமியாரு ஆகுதாங்க.

இப்ப மூணாவது மேட்ச்சுக்கு வருவோம். மாஸ்டர் கேட்டாரு, அவன் நூலை நீட்டுனான், அவரு பிடிக்கல.

பிடிக்காததுக்குக் காரணம் உண்டு. மாஸ்டர் கடற்கரைப் பிள்ளை. அவங்க அப்பாவுக்கு வள்ளம் இருந்துச்சு. சாயந்தரமானா மணல்ல உக்காந்து வலையில அறுந்த கண்ணியைக் கட்டணும். பக்கத்துலயே மத்தவன் எல்லாம் பந்து வெளையாடுவான். தெலஸ்போர் குனிஞ்சு முடிச்சுப் போடுவாரு, பந்து காதுக்குப் பக்கத்துல போகும். ஒருநா வலை ஊசியைத் தூக்கிக் கடல்ல எறிஞ்சுட்டு ஓடி வெளையாடப் போயிட்டாரு. இனி வலையைத் தொட்டா என் பேரை மாத்துன்னு அப்பன்கிட்ட சொன்னாரு. அப்பன், ஏற்கனவே பேரு வாயில நொழையல, மாத்துனா நல்லதுதான்னு சொன்னாராம்.

அதுக்கப்புறம் தொடல. மீன் வாங்கப் போனாக்கூட காயப் போட்ட வலையை விட்டு வெலகித்தான் போவாரு.

சுடலை, மாஸ்டர் பிடிக்கலன்னதும் நுனியை மறுபடி பல்லுல கடிச்சுக்கிட்டான். பந்து அந்தப் பக்கம் எங்கயோ கிடந்துச்சு. வேலை கொஞ்சம்தான் பாக்கி. ஒத்த முடிச்சு. மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ரெண்டு கையையும் வலைக்குள்ள விட்டான்.

எதிர் கோலி அந்தப் பக்கத்துலேருந்து பந்தை ஓங்கி உதைச்சான். காத்தும் அவன் கட்சி. பந்து ஒரு குத்து குத்தி எழும்பி, இன்னொரு குத்து குத்தி, சுடலை தோளுக்கு மேல போயி, அவன் அப்பத்தான் கட்டி முடிச்ச வலையில போயி விழுந்துச்சு.

வலை தாங்கிடுச்சு. அதுல கொறை சொல்ல முடியாது.

மாஸ்டருக்குக் கோவம் வரல. கோவப்பட ஒரு தெம்பு வேணும்லா. வலை வழியாப் பாத்துக்கிட்டே கேட்டாரு.

"பந்து வந்தப்ப கை எங்கல இருந்துச்சு?"

"வேலையா இருந்துச்சு மாஸ்டர்."

வேற கோலி கிடையாது. இருந்தா அன்னைக்கே சுடலை வெளிய உக்காந்திருப்பான்.

நாலாவது மேட்ச்சுல வியாகுலம் வந்தான். அதாவது டீமுல எப்பவும் இருந்தான், அன்னைக்குத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சான். பேக்குல, கோலிக்கு முன்னால காவலுக்கு நிக்கவன். பேரே வியாகுலம், பெத்தவங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. ஓரமா வந்த பந்தை வெளிய தட்டுதேன்னு தலையைக் குடுத்தான். பந்து சுடலை கையைத் தாண்டி உள்ள போச்சு. சேம் சைட் கோலு.

பய கிரவுண்டு நடுவுல நின்னு சட்டையைத் தூக்கி மூஞ்சியை மூடிக்கிட்டான். இவன் இனி வேண்டாம், அடுத்த மேட்ச்சுக்கு இவனை வெளிய வச்சுருவோம்னு மாஸ்டர் வலைக்குப் பின்னாலேருந்து மொணங்குதாரு. சுடலை காதுல விழுந்துச்சா இல்லையான்னு தெரியல.

மறுபடி ஆட்டம் தொடங்குச்சு. சுடலை கைக்குப் பந்து வந்துச்சு. சுத்தி நாலு பேரு கையைத் தூக்கி எனக்கு எனக்குங்கான். வியாகுலம் ஒருத்தன்தான் தரையைப் பாத்துக்கிட்டு நிக்கான்.

சுடலை பந்தை நேரா அவன் காலுக்கு உருட்டி விட்டான்.

"ஏல, அவனுக்கா குடுக்க?"

"அவன்தான சும்மா நிக்கான் மாஸ்டர்."

வியாகுலம் பந்தைப் பாத்தான். பந்து அவனைப் பாத்துச்சு. வேற வழியில்லாம ஓட ஆரம்பிச்சான். அந்த மேட்ச்சும் தோத்துச்சு, ஆனா அவன் மூஞ்சியில சட்டை இல்ல. அடுத்த மேட்ச்சுக்கு அவனை வெளிய வைக்க மாஸ்டருக்கு மறந்துபோச்சு.

அஞ்சாவதைப் பத்திப் பேச வேண்டாம். மழை பேஞ்சுச்சு. கிரவுண்டுல உப்புத் தண்ணி. பந்து எங்க போச்சுன்னு தேடுறதுக்குள்ள ஸ்கோரு மூணு.

கடைசி மேட்ச்சுக்கு முந்தின சாயந்தரம் பையங்க எல்லாம் போயிட்டாங்க. சுடலை உப்பளப் பக்கத்து வலையில முடிச்சுகளை ஒண்ணு ஒண்ணா இழுத்துப் பாத்துக்கிட்டிருக்கான். இழுக்குற இழுப்புல ஒண்ணு அவுந்துக்கிடும், மறுபடி போடுவான். தினமும் இதே கூத்து. சாக்குக்குப் போடுற முடிச்சை வலைக்குப் போட்டா அப்பிடித்தான் ஆகும். பாக்கப் பாக்க மாஸ்டருக்கு வெரலு அரிக்குது. வெரலை மடக்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டாரு.

பக்கத்துல வந்து உக்காந்து, ஐஸ் கம்பெனி சங்கதியைச் சொன்னாரு. மச்சான் ஆறு மணிக்குப் போன் அடிக்கப் போறதையும் சொன்னாரு. ஒரு மேட்ச்சு ஜெயிக்கணும்னு வச்ச பந்தயத்தையும் சொன்னாரு. வீட்டுல கூட இவ்வளவு வெவரமாச் சொன்னதில்ல.

"நான் போகட்டுமா இருக்கட்டுமால?"

சுடலை வாயிலேருந்து நூலை எடுத்தான். மாஸ்டர் நிமிந்து உக்காந்தாரு.

"ஐஸ் கம்பெனில வலை உண்டா மாஸ்டர்?"

"கிடையாது."

"அப்ப நிம்மதிதான்."

நூலை மறுபடி வாயில வச்சுக்கிட்டான்.

நிம்மதின்னு சொன்னது ஏன் திட்டுற மாதிரி இருந்துச்சுன்னு மாஸ்டருக்குப் பஸ்ஸுல போகும்போதும் வெளங்கல.

கடைசி மேட்ச்சு. எதிர்ல வந்தவங்க எல்லா மேட்ச்சும் ஜெயிச்சவங்க. கப்பு அவங்களுக்குன்னு முடிவாகிப்போச்சு. அதனால பாதித் தூக்கத்துலதான் வந்திருந்தாங்க. ஒருத்தன் செருப்போட கிரவுண்டுக்குள்ள எறங்கிட்டுத் திரும்பிப் போயி பூட்ஸைப் போட்டுட்டு வந்தான்.

மொதப் பாதி, நம்ம பயலுகளுக்கு உப்பளப் பக்கத்துப் போஸ்டு. ஒண்ணும் விழல.

பாதி முடிஞ்சு பக்கம் மாறுனாங்க. சுடலை கேண்டீன் பக்கத்துக்கு வந்தான். மாஸ்டரும் பின்னாலயே நடந்து வந்தாரு, மாட்டு வண்டிக்குப் பின்னால நாயி போற மாதிரி. இனி கோல் போடணும்னா உப்பளப் பக்கத்துலதான் போடணும்.

சுடலை அன்னைக்கு ஒண்ணு பிடிச்சான், ரெண்டு பிடிச்சான். ஒண்ணைக் காலால, ஒண்ணை வயித்தால. ஒண்ணு வியாகுலம் முதுகுல பட்டு வெளிய போச்சு, அவனுக்கே தெரியாது. மாஸ்டர் வலைக்குப் பின்னால ஜெபம் சொல்லுதாரு. பாதி ஜெபத்துல ஆளைப் பிடிலன்னு வருது.

முடியப் போற நேரம். இன்னாசி கைக்கு, அதாவது காலுக்கு, பந்து வந்துச்சு.

இன்னாசிதான் நம்ம ஃபார்வர்டு. ஓட்டம்னா ஓட்டம், அப்பிடி ஒரு ஓட்டம். அடின்னா அடி, அப்பிடி ஒரு அடி. ஒரே ஒரு சங்கடம், அவன் அடிச்சா பந்து போஸ்டைத் தவிர எல்லாத்துலயும் படும். போன வருசம் பிரின்சிபால் கார் கண்ணாடியில பட்டுச்சு. புது வலை வராததுக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னாசி ஓரமா ஓடுனான். ஒருத்தனைத் தாண்டுனான். இன்னொருத்தன் தானாவே விழுந்தான். இன்னாசி கண்ணை மூடிக்கிட்டு அடிச்சான்.

இந்தப் பக்கத்துலேருந்து பாத்தா வலை பொடைச்சுக்கிட்டு நிக்குது. உப்புத் தூசி பறக்குது.

கேண்டீன்லேருந்து டீ மாஸ்டர் கோலுன்னு கத்துனாரு. பிள்ளைங்க எல்லாம் இன்னாசி மேல விழுந்தாங்க. தெலஸ்போர் மாஸ்டர் ஓடுனாரு. கிரவுண்டுக்குள்ள எறங்கி, இந்தக் கடைசியிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஓடுனாரு. விசிலு ஒரு பக்கம் ஆடுது, தொந்தி ஒரு பக்கம் ஆடுது. ஐஸ் இல்ல, ஐஸ் இல்லன்னு சொல்லிக்கிட்டே ஓடுனாராம், வழியில நின்னவன் பாத்துச் சொன்னான்.

ரெஃப்ரியும் ஓடி வந்தாரு. அதே ரெஃப்ரிதான். அவரும் தள்ளித்தான் நின்னிருக்காரு, சரியாப் பாக்கல. வந்து பாத்தாரு.

பந்து வெளிய கிடந்துச்சு. பக்கவாட்டு வலைக்கு வெளிய, ஒரு சாண் தள்ளி.

ரெஃப்ரி வலையை இழுத்துப் பாத்தாரு. போன தடவை ஓட்டை இருந்த எடத்துல கையை வச்சு அழுத்திப் பாத்தாரு. உப்பு மூடை நூலு, முடிச்சு மேல முடிச்சு. கை உள்ள போகல.

கோல் இல்லன்னு சொல்லிட்டாரு.

கொஞ்ச நேரத்துல கடைசி விசிலும் ஊதியாச்சு. சைபருக்கு சைபர்.

இந்த லீக்குலயே தோக்காத மேட்ச்சு அது ஒண்ணுதான். பையங்களுக்கு அதுவே போதும். வியாகுலத்தைத் தோளுல தூக்கிக்கிட்டு, எதுக்குத் தூக்குதோம்னு தெரியாமயே, கேண்டீனுக்குப் போயிட்டாங்க. இன்னாசி எல்லார்கிட்டயும் வலை பொடைச்சதை மட்டும் சொல்லிக்கிட்டே போனான்.

மாஸ்டர் போகல. உப்பளப் பக்கத்து வலைக்கிட்டயே உக்காந்துட்டாரு. பந்து பட்ட எடத்துல வட்டமா ஒரு தூசித் தடம். தடத்துக்கு நடுவுல சரியா அந்த முடிச்சுக்கூட்டம். வெரலால தொடாம, கண்ணாலயே அதைச் சுத்திச் சுத்தி வந்தாரு.

வெயிலு எறங்குது. உப்புக் குவியலு எல்லாம் மஞ்சளாகுது.

சுடலை வந்தான். கையொறையைக் கழட்டி இடுப்புல சொருகிட்டு, குத்த வச்சு உக்காந்து, நூலை எடுத்தான். இன்னாசி அடிச்ச அடியில ரெண்டு முடிச்சு நழுவியிருந்துச்சு.

"லீக்கு முடிஞ்சுபோச்சுல"ன்னாரு மாஸ்டர்.

"ஆமா."

"இந்த ஓட்டை இருந்திருந்தா பந்து உள்ள போயிருக்கும்."

"ஆமா மாஸ்டர்."

"அவரு பந்து வீட்டுக்குள்ள கிடக்குன்னு சொல்லிக் கோல் குடுத்திருப்பாரு. நாம ஜெயிச்சிருப்போம். நான் இருந்திருப்பேன்."

"ஆமா மாஸ்டர்."

"எல்லாத்துக்கும் ஆமாவால?"

சுடலை நூலை வாயிலேருந்து எடுத்தான்.

"பந்து வெளியதான மாஸ்டர் போச்சு."

காத்து நின்னுபோச்சு. தூரத்துல ஆட்டுக்காரர் ஆடுகளை ஓட்டிக்கிட்டுப் போறாரு. அந்தப் பழைய கிடா திரும்பி வலையை ஒரு பார்வை பாத்துட்டுப் போச்சு.

மாஸ்டருக்கு வாயெல்லாம் கரிச்சுது.

சுடலை நழுவுன முடிச்சை அவுத்தான். மறுபடி அதே முடிச்சைப் போட்டான். இழுத்துப் பாத்தான். நழுவுச்சு. அவுத்தான். போட்டான். நழுவுச்சு.

மாஸ்டர் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. உப்பளத்தைப் பாத்தாரு. நூலு சரட்டுன்னு நழுவுற சத்தம் மட்டும் காதுல விழுந்துச்சு.

திரும்புனாரு. பாத்தாரு. மறுபடி திருப்பிக்கிட்டாரு.

சரட்டு.

"ஏல. தள்ளுல."

சுடலை தள்ளி உக்காந்தான்.

மாஸ்டர் முட்டி போட்டாரு. அவன் போட்டு வச்சிருந்த முடிச்சுக்கூட்டத்தை எல்லாம் பிச்சு எறிஞ்சாரு. ஓட்டை முழுசாத் தொறந்துக்கிடுச்சு. மேல ஒரு கண்ணியைப் பிடிச்சாரு, நூலை உள்ள விட்டு, வெளிய இழுத்து, சுண்டு வெரல்ல ஒரு சுத்து சுத்தி, கீழ எறக்கி ஒரு இழுப்பு. இத்தனை வருசத்துல வெரலு எதையும் மறக்கல. அதுபாட்டுக்குப் போகுது. ஒரு கண்ணி. அடுத்த கண்ணி.

"இது சாக்கு இல்லல. இது வேற."

சுடலை நூலு நுனியைப் பிடிச்சுக்கிட்டான்.

மாஸ்டர் சட்டைப் பையில போன் அடிச்சுது. பொலிகார்ப்பு. ஆறு மணின்னா ஆறு மணிதான்.

அடிச்சு நின்னுச்சு. மறுபடி அடிச்சுது.

"மாஸ்டர், போனு."

"நீ எடுல."

சுடலை அவரு பையிலேருந்து போனை எடுத்தான். அந்தப் பக்கம் மச்சான் மச்சான்னு சத்தம் கேக்குது. சுடலை கையால போனைப் பொத்திக்கிட்டான்.

"என்ன சொல்ல மாஸ்டர்?"

மாஸ்டர் நிமிரல.

"கை வேலையா இருக்குன்னு சொல்லு."